மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிஸிஸ். 2003-ல் வாங்கிய சின்னக் கார் ஒன்றுதான் கதி. ஒரு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. எப்படியோ கிளப்பினால், டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருக்கிறது. பெட்ரோலும் தண்ணீராய்ச் செலவாகிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு: "அக்கா, கம்ப்யூட்டரே போயிடுச்சு. மாத்தணும். இருபத்திரெண்டாயிரம் ரெடி பண்ணிக்குங்க."

"நகையை வைத்துப் பணம் புரட்டலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா?" என்று கேட்கிறார். நான் எழுதிய பதில் இதுதான்: "இரண்டும் வேண்டாம். முதலில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று எண்ணிப் பாருங்கள்."

எண்ணுவதா என்று கேட்பீர்கள். ஆமாம், குக்கர் விசிலை எண்ணுகிற மாதிரிதான். கம்ப்யூட்டர் வைத்த பழைய வண்டிகளில், ஏதாவது ஒரு பாகத்திலிருந்து வரும் சேதி கோளாறாக இருந்தால், அதற்குரிய எண்ணைக் கம்ப்யூட்டர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். பானெட்டுக்குள்ளோ டாஷ்போர்டுக்கு அடியிலோ ஒரு சின்ன பிளக் இருக்கும். அதில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பினால், அந்த மஞ்சள் விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, நாலு சிமிட்டல் என்றால் 14. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேப்பரில் குறித்துக்கொள்ள ஒரு குழந்தை போதும்.

எந்த இரண்டு முனை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டா வண்டிகளில் 'டிஇ1', 'இ1' என்று எழுதியிருப்பவை. ஹோண்டாவில் டாஷ்போர்டுக்கு அடியில் தனியாகத் தொங்கும் இரண்டு முனைப் பிளக். அந்த வண்டிக்குரிய சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாக எதையும் இணைக்காதீர்கள். அப்புறம் கம்ப்யூட்டர் நிஜமாகவே போய்விடும்! மஞ்சள் நிற உறையுள்ள பிளக் பெரும்பாலும் காற்றுப் பையைச் சேர்ந்தது. அதன் பக்கமே கை போகக் கூடாது.

எண் கிடைத்தாலும் எந்தக் கம்பெனி வண்டி என்று தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை. என்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சார் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவில் அதற்கு 22, சுஸுகியில் 14, ஹோண்டாவில் 6. சுஸுகியில் 12 வந்தால் 'ஒரு குறையும் இல்லை' என்று அர்த்தம். டொயோட்டாவில் இடைவெளியே விடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் அதே அர்த்தம். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே முறை என்று கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து 'ஓபிடி-2' வந்தது. அவற்றில் விளக்கை எண்ண வேண்டியதில்லை. சின்ன ஸ்கேனரைச் செருகினால் 'பி0118' என்கிற மாதிரி எழுத்தும் எண்ணுமாகக் காட்டும். அதுவும் இதே தண்ணீர்ச் சூட்டு சென்சார்தான். 2013-க்கு முந்தின வண்டிகளில் அதே பதினாறு முனைப் பிளக் இருந்தாலும், கடையில் வாங்கும் ஸ்கேனர் பேசாமல் போகலாம். ஸ்கேனர் கெட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நம் சகோதரிக்கு ஐ.டி.ஐ. படித்த தம்பி மகன் ஒருவன் இருக்கிறான். அவன் வந்து ஒயரை இணைத்தான், இவர் எண்ணினார். பதினாலு! திரும்பத் திரும்பப் பதினாலு.

"அப்ப அந்த சென்சாரை மாத்திடலாமா அத்தை?" என்றானாம். இங்கேதான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். தெர்மாமீட்டர் 102 காட்டினால் ஜுரம் என்று தெரியும். டைஃபாய்டா, மலேரியாவா என்று அது சொல்லாது. எண் சொல்வதும் அவ்வளவுதான். 'இந்த வழியாக வருகிற சேதி சரியில்லை' என்கிறது. கெட்டது சென்சாராகவும் இருக்கலாம், பிளக்காகவும் இருக்கலாம், ஒயராகவும் இருக்கலாம்.

சென்சாரைச் சோதிப்பது சுலபம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். மல்டிமீட்டரில் வைத்தால், பொதுவாக 20 டிகிரியில் 2,000-லிருந்து 3,000 ஓம் வரை காட்டும். கிண்ணத்தில் வெந்நீர் வைத்து முக்கினால் எண் இறங்கிக்கொண்டே வரும். 80 டிகிரியில் 200-லிருந்து 400 ஓம். சூடு ஏற ஏற எண் குறைந்தால் சென்சார் நல்லது. இவருடையது ஒழுங்காகக் குறைந்தது.

பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பேட்டரிக்குப் பின்னால், கருப்பு டேப்புக்கு அடியில், எலி கடித்திருக்கிறது! ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். சில வண்டிகள் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், கரும்புகை வரும். வேறு சில, 'இது பொய்' என்று கண்டுகொண்டு ஒரு உத்தேசச் சூட்டை வைத்து ஓட்டும். அப்போது காலையில் ஸ்டார்ட் ஆவது பாடு. ஒயரை ஒட்டி, டேப் சுற்ற எலெக்ட்ரீஷியன் முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். பேட்டரி இணைப்பைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டிப் பழைய எண்ணை அழித்தார்கள். அழிப்பதற்கு முன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். அழித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால் அவரும் இருட்டில் தேட வேண்டியதுதான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியை 'ஆன்' செய்ததும், என்ஜின் கிளம்புவதற்கு முன், அந்த மஞ்சள் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், இல்லை விற்கிறவர் பிடுங்கியிருக்கலாம். எரியாத விளக்கைப் பார்த்து, 'அடடா, ஒரு குறையுமில்லை' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சிவப்பில் எண்ணெய்க் கிண்டி படம் எரிந்தால் சமாசாரமே வேறு. எண்ணுவதற்கு நேரமில்லை, உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

அடுத்த டயாலிஸிஸுக்கு மாமியாரைத் தானே ஓட்டிக்கொண்டு போனதாகச் சகோதரி மறுபடியும் எழுதியிருக்கிறார். எலிக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். முதலில் கார் நிற்கிற இடத்திலிருந்து அந்த நெல் மூட்டைகளை அப்புறப்படுத்துங்கள், அம்மா.