மருந்தடிக்கும் முன் குளவியைத் தேடுங்கள்

செட்டிநாட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் மண்கூடு கட்டும் குளவியை நீங்கள் அறிவீர்கள். அதன் உறவுக்காரக் குளவி ஒன்று, எறும்பைவிடச் சிறியது, தமிழக விவசாயிகளின் பப்பாளியைக் காப்பாற்றியது.

2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரியையும் விடவில்லை. எத்தனை முறை மருந்தடித்தாலும் அதன் மெழுகுப் பூச்சு தடுத்தது. கடைசியில் 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி வயல்களில் விட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பூச்சி கட்டுப்பட்டது.

இது புதிய இனம் என்று விவரித்துப் பெயர் வைத்ததே 2003-ல்தான். அதைச் செய்யாதிருந்தால் எந்தக் குளவியைத் தருவித்திருப்போம்? பூச்சிக்குப் பெயர் வைப்பதை வெட்டி வேலை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பப்பாளி இலையடியில் மாவுப்பூச்சி கண்டால் உடனே தெளிப்பானைத் தூக்காதீர்கள். உப்பி, பழுப்பேறி இறுகிய பூச்சிகள் கிடந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது. அப்போது அடிக்கும் மருந்து அதைத்தான் கொல்லும். விரிவாக்கப் பணியாளர்களே, அடையாளம் தெரியாத குளவி கிடைத்தால் ஆல்கஹால் குப்பியில் போட்டு, ஊர், பயிர், தேதி எழுதி, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். அதற்கு இன்னும் பெயரே வைக்கப்படாமலும் இருக்கலாம்.