எவ்வளவு தூக்கும் என்று கேட்காதீர்கள்

தண்ணீர்க் குடத்தை எடுத்து வரும்போது அதை ஏன் இடுப்போடு அணைத்துக் கொள்கிறோம்? கையை நேராக நீட்டி, குடத்தை உடலுக்கு அப்பால் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். குடம் அதேதான், தண்ணீரும் அதேதான், எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனால் பத்து அடி வைப்பதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றவுடன் இதை நாம் மறந்துவிடுகிறோம். "இது எத்தனை கிலோ தூக்கும்?" என்று மட்டும் கேட்கிறோம். அது அரைக் கேள்வி. "எவ்வளவு தூரத்தில் வைத்துத் தூக்கும்?" என்பது மற்ற பாதி. அந்தப் பாதியைக் கேட்காததால் ஒருவருக்குக் கால் முறிந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த்தூளை அழுத்திக் கட்டிகளாகச் செய்யும் தொழிற்கூடங்கள் பல இருக்கின்றன. ஒரு கட்டி 5 கிலோ. இவற்றைப் 'பேலட்' எனப்படும் மரத்தட்டின்மேல் அடுக்கி, கட்டி, வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பெரிய நிறுவனங்களில் தட்டைத் தூக்க ஃபோர்க்லிஃப்ட் வண்டி இருக்கும். சிறிய இடங்களில் அதற்கு வசதி ஏது? என் பழைய மாணவர் ஒருவர் அப்படியொரு சிறு கூடம் நடத்துகிறார். வீட்டில் தென்னந்தோப்புக்காக வாங்கிய மினி டிராக்டர் இருந்தது. ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, இரண்டு நீண்ட இரும்புக் கரங்களை ஒரு சட்டத்தில் பொருத்தி வாங்கினார். டிராக்டருக்குப் பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில் அதை மாட்டிவிட்டால், தட்டுக்கு அடியில் கரங்களை நுழைத்து, ஹைட்ராலிக் நெம்பைத் தொட்டால் போதும். தட்டு எழும்பி வரும். நல்ல யோசனைதான், சந்தேகமில்லை. நாலு பேர் முதுகு ஒடியச் செய்த வேலையை ஒரு விரல் செய்கிறது.

டிராக்டரோடு வந்த விளம்பரத் தாளில் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருந்தது. அவர் தட்டில் வைத்ததோ 80 கட்டிகள், அதாவது 400 கிலோ. பாதியைவிடச் சற்றே கூடுதல். அப்படியும் தட்டு எழும்பியபோது கூடவே முன்சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின!

அவர் என்ன செய்தார் தெரியுமா? நம் ஊர்களில் எல்லாரும் செய்வதைத்தான். "முன்னால ரெண்டு பேர் ஏறி நில்லுங்க" என்றார். வேலை செய்யும் இளைஞர்கள் இருவர் முன் பம்பர்மேல் ஏறி நின்றார்கள். சக்கரம் தரையில் அமர்ந்தது. பல நாள் இப்படியே நடந்தது. ஒருநாள் பாரத்தை இறக்கும்போது ஹைட்ராலிக் நெம்பைச் சட்டென்று நிறுத்தியிருக்கிறார். முன்பக்கம் துள்ளியது. ஒருவன் பயந்து குதித்தான். தட்டின் பின்முனை தரையில் தட்ட, எழும்பிய முன்சக்கரம் இறங்கி அவன் கால்மேல் விழுந்தது.

மருத்துவமனையிலிருந்தே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், 750 கிலோன்னு போட்டிருக்குதுங்க. நானூறுக்கே எப்படிங்க எந்திரிக்கும்?" என்று கேட்டார். திருப்புத்திறன் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். அந்தக் கணக்கை அவருக்குக் கற்பித்தவன் நான். சீசா பலகையில் உட்கார்ந்த இரண்டு குழந்தைகளை வைத்துக் கற்பித்தேன். டிராக்டரை வைத்துக் கற்பிக்கவில்லை.

இப்போது உங்களோடு சேர்ந்து கற்பித்துவிடுகிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு டிராக்டரின் எடை 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் முன்சக்கரங்கள் 360 கிலோவும் பின்சக்கரங்கள் 540 கிலோவும் தாங்குகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 150 சென்டிமீட்டர். (எடையை நியூட்டனில்தானே சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் கடிந்துகொள்வார். சரிதான். ஆனால் இங்கே எல்லா உறுப்பிலும் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்றுபோல் வந்து வெட்டுப்பட்டுவிடும். எனவே கிலோவிலேயே போவோம்.)

பின்னால் பாரம் தொங்கும்போது பின் அச்சுதான் தாங்குபுள்ளி. அதற்கு முன்பக்கம் டிராக்டரைத் தரையோடு பிடித்து வைத்திருக்கும் திருப்புத்திறன் 360 × 150 = 54,000. இனிப் பின்பக்கம். பின் அச்சிலிருந்து கலப்பை மாட்டும் கொக்கிவரை ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். கரங்களைத் தாங்கும் சட்டத்துக்கு ஒரு 15. தட்டு ஒரு மீட்டர் நீளம் என்றால், அதன்மேல் சீராக அடுக்கிய பாரத்தின் ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது 50 சென்டிமீட்டரில் இருக்கும். கூட்டினால் 130. ஆகவே 54,000-ஐ 130-ஆல் வகுத்தால் 415. அதாவது 415 கிலோ வைத்தால் முன்சக்கரங்களின்மேல் எடையே இராது. அவை தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

"சார், அவர் வைத்தது 400 கிலோதானே, 415 இல்லையே?" என்று கேட்கத் தோன்றுகிறதா? அந்த இரும்புக் கரங்களையும் சட்டத்தையும் மறந்துவிட்டோம். அவை 60 கிலோ. அவற்றின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 85 சென்டிமீட்டரில் என்று கொள்ளுங்கள். 60 × 85 = 5,100. பாரத்தின் 52,000-உடன் சேர்த்தால் 57,100. எதிர்ப்பக்கத்தில் 54,000 தான். முன்சக்கரம் எழும்பாமல் என்ன செய்யும்?

அப்படியானால் 750 என்பது பொய்யா? பொய்யில்லை. அது கொக்கி முனையில், ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் தூக்கக்கூடிய அளவு. உலக அளவில் ஒப்புக்கொண்ட சோதனை முறையில் கொக்கிக்கு 61 சென்டிமீட்டர் பின்னால் வைத்தும் அளக்கிறார்கள். அந்த எண் இதைவிடக் குறைவாக இருக்கும். கை தூக்கும், ஆனால் உடல் கவிழும். இரண்டும் வேறு வேறு எல்லைகள். விளம்பரத் தாள் கையின் எல்லையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா? ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்ப வேண்டுமே! டிராக்டரின் வெற்று எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின்மேல் இருக்க வேண்டும் என்பது உற்பத்தியாளர்களே கையேடுகளில் சொல்லும் விதி. நம் டிராக்டருக்கு அது 180 கிலோ. அதை விட்டுவைத்துக் கணக்குப் போட்டால், இரும்புக் கரங்களின் எடையையும் கழித்தபின், ஏற்றக்கூடிய பாரம் வெறும் 168 கிலோ! போட்டுப் பாருங்கள். 750 எங்கே, 168 எங்கே?

அந்த இளைஞர்கள் இருவரையும் கணக்கில் சேர்ப்போம். ஆளுக்கு 50 கிலோ. பின் அச்சிலிருந்து 190 சென்டிமீட்டரில் நிற்கிறார்கள். 19,000 கூடுகிறது. அசையாமல் நிற்கும்வரை கணக்கு அவர்கள் பக்கம்தான். ஆனால் கீழிறங்கும் பாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? மின்தூக்கி கீழே வந்து நிற்கும் கணத்தில் உங்கள் உடல் கனப்பதை உணர்ந்திருப்பீர்கள். அதே கதைதான். நிறுத்தும்போது ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி இருந்தாலே பாரம் ஒன்றரை மடங்காகிவிடும். 57,100 அப்போது 85,650. எதிர்ப்பக்கத்தில் 73,000. துள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். ஏற்றம் இறைத்த காலத்தில் துலாவின்மேல் ஆள் ஏறி நடந்ததும் எதிர் எடைக்காகத்தான். ஆனால் அந்தத் துலா ஆள் நடப்பதற்கென்றே செய்யப்பட்டது. பிடித்துக்கொள்ள மூங்கிலும் இருந்தது. பம்பர் அப்படியா?

இந்தப் பின்கொக்கி அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. கீழே இரண்டு கரங்கள், மேலே 'டாப் லிங்க்' என்று ஓட்டுநர்கள் சொல்லும் ஒரு தண்டு. இந்த அமைப்பை ஹைட்ராலிக்கோடு இணைத்து 1926-இல் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்கூசன். 1939-இல் அமெரிக்காவின் ஃபோர்டு 9என் டிராக்டரில் அது வந்தது. பிறகு உலகம் முழுதும் பரவியது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் செய்யும் மாஸ்ஸி ஃபெர்கூசன் டிராக்டரில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அக்காலத்து டிராக்டர்களின் பெரிய அபாயமே கலப்பை எதிலாவது சிக்கினால் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ்வதுதான். அதைத் தடுக்கவும் ஃபெர்கூசன் அமைப்பு உதவியது. உழும்போது மண்ணின் எதிர்ப்பினால் டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். மூக்கு கீழே அழுந்தும். பாரம் தூக்கும்போதோ அதே தண்டு டிராக்டரைப் பின்னோக்கி இழுக்கிறது. உழுவதற்காகப் பிறந்த கையைச் சுமை தூக்கச் சொல்கிறோம். சொல்லலாம், தவறில்லை. ஆனால் கணக்குத் தலைகீழாகிவிட்டது என்பதைத் தெரிந்து சொல்ல வேண்டும்.

கரங்களை டிராக்டருக்கு முன்னால், லோடரில் மாட்டுபவர்களும் உண்டு. அப்போது முன் அச்சு தாங்குபுள்ளியாகிறது. எடை குறைவது பின்சக்கரங்களில். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது! சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தும் நிற்காத டிராக்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பின்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு கனத்த இரும்புப் பாறையே இருக்கும். எதிர் எடையை உடம்பிலேயே வைத்துச் செய்த வண்டி அது. அதோடு, ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒரு சிறு தகடும் பொருத்தியிருக்கும். எத்தனை கிலோ, கரத்தின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் என்று இரண்டு எண்களும் அதில் இருக்கும். பட்டறையில் செய்து டிராக்டரில் மாட்டும் கரங்களில் நான் பார்த்தவரை ஒன்றில்கூட அந்தத் தகடு இல்லை. பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட விடவில்லை. அவர் வேலையில் குறையே காண முடியாது. எந்த டிராக்டரில் மாட்டப் போகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் கருத்து இதுதான். கரங்களை விற்பவரும் டிராக்டரை விற்பவரும் அந்த இரண்டு எண்களைத் தமிழில், பெயிண்டில், இரும்பின்மேல் எழுதித் தர வேண்டும். கையேட்டின் ஐம்பதாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்குப் பயன்? நம் பாடநூல்களிலும் சீசா பலகைக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர் படம் வரட்டும். பாடநூல் மாறும்வரை காத்திராமல் நீங்களே தொடங்கலாம். மேசை விளிம்பில் ஓர் அளவுகோலைப் பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டி வையுங்கள். உள்முனையில் ஓர் அழிப்பான். வெளியே நீண்ட பகுதியில் நாணயங்களை முதலில் விளிம்பை ஒட்டியும், பிறகு நுனியிலும் அடுக்கிப் பாருங்கள். எத்தனை நாணயத்தில் அளவுகோல் எழும்புகிறது? மேசை விளிம்புதான் பின் அச்சு.

என் மாணவர் இப்போது பம்பரில் யாரையும் ஏற்றுவதில்லை. முன்னால் 100 கிலோ இரும்புக் கட்டிகளைப் பின் அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நிலையாகப் பூட்டிவிட்டார். கணக்கை அவரே போட்டார். 322 கிலோ வந்தது. இரும்புக் கரத்தில் 50 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கிழித்து, "60 கட்டி" என்று எழுதி வைத்திருக்கிறார். கால் முறிந்த இளைஞன் ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். எண்ணி அடுக்குவது இப்போது அவன் பொறுப்பு. போன வாரம் அவனே என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: "மழையில நனைஞ்ச கட்டி அஞ்சு கிலோ இருக்காதுங்களே சார், அப்ப எத்தனை வைக்கறதுங்க?" நனைந்த கட்டி ஒன்றை எடைபோட்டுச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.