ஏரியைக் கடலாக்கும் லென்ஸ்

போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். புதுசா ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கானாம். "மாமா, பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப வயலெல்லாம் எடுக்கணும். 14-24 எஃப்/2.8 வாங்கிடட்டுமா? லேண்ட்ஸ்கேப்புக்கு அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"வேணாம் மாப்ள" என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குக் கிளம்புகிற எல்லாருக்கும்தான்.

முதலில் நடந்த ஒரு கதை. மூணு வருஷத்துக்கு முன்னால் மழை ஏமாத்திவிட்டது. தை மாசத்திலேயே எங்க ஏரியில் மதகுகிட்ட மட்டும் ஒரு குட்டை அளவுக்குத் தண்ணி கிடந்தது. மீதியெல்லாம் வெடிச்ச வண்டல். அப்போ நகரத்திலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்தார். நல்ல மனுஷன், எங்க வீட்டுத் திண்ணையில்தான் காபி குடிச்சார். குட்டை ஓரமா மண்டி போட்டு, 14 மி.மீ. லென்ஸைத் தண்ணிக்கு ஒரு சாண் மேலே பிடிச்சு, பொழுது சாயற நேரத்தில் ஒரு படம் எடுத்தார். படத்தைப் பார்த்தா ஏரி இல்லை, கடல்!

அது வாட்ஸாப்பில் ஊர் ஊராச் சுத்திச்சு. எங்க பசங்களே பெருமையா ஸ்டேட்டஸ் வெச்சாங்க. அடுத்த மாசம் ஏரியைத் தூர்வாரணும், வரத்துக் கால்வாய் அடைப்பை எடுக்கணும்னு மனுவோட நாங்க நாலு பேர் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் போனை எடுத்து அந்தப் படத்தையே காட்டினார். "தண்ணிதான் நிக்குதே, அப்புறம் என்னய்யா?"

அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அவர் பார்த்தது படத்தைத்தான். மறுநாள் நான் கரை மேலே ஏறி நின்னு, 35 மி.மீ.-ல் மூணு படம் எடுத்தேன். குட்டை குட்டையாவே தெரிஞ்சது, வெடிப்பு வெடிப்பாவே தெரிஞ்சது. பிரிண்ட் போட்டு மனுவோட சேர்த்துக் கொடுத்தோம். அப்புறம்தான் நேரில் வந்து பார்த்தாங்க. கால்வாய் இன்னும் பாதிதான் திறந்திருக்கு, அது வேற கதை.

லென்ஸ் வாங்குறது அவங்கவங்க ரசனை, இதில் உனக்கென்னய்யா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உங்க ரசனை எங்க தண்ணிக் கணக்கில் வந்து விழுது.

பழியை முழுக்க லென்ஸ் மேலேயும் போடக்கூடாது. எது பெருசாத் தெரியும், எது சிறுசாத் தெரியும் என்பதை முடிவு பண்ணுவது நாம் நிற்கிற இடம். ஆனால் அந்த இடத்திலிருந்து எவ்வளவு உள்ளே வரும் என்பதை லென்ஸ் முடிவு பண்ணுது. ஃபுல் ஃப்ரேமில் மூலைக்கு மூலை அளந்தால் 35 மி.மீ. காட்டுவது 63 டிகிரி. 24-க்கு 84, 20-க்கு 94, 14-க்கு 114 டிகிரி. அந்த 114-ல் காலடியில் கிடக்கிற தண்ணி பாதிப் படத்தை அடைச்சுக்கும். தூரத்தில் இருக்கிற கரை நூல் மாதிரி ஆயிடும். நடுவில் இருக்கிற வெடிப்பு கண்ணுக்கே தெரியாது.

இதை ஏன் விலாவாரியாச் சொல்றேன்னா, பாதிப் பேர் வைட் ஆங்கிள் வாங்குவதே தப்பான காரணத்துக்காக. "எல்லாம் உள்ளே வரணும்" என்கிறார்கள். வரப்பில் நின்னு 14-ல் எடுத்துப் பாருங்க, எல்லாம் வரும். கீழே பச்சை, மேலே வானம், நடுவில் திருவண்ணாமலை மலை கரையான் புத்து அளவுக்கு. மலையை மலையாக் காட்டணும்னா 50, 85 என்று போகணும். அகலமா வேணும்னா கேமராவைச் செங்குத்தாப் பிடிச்சு 35-ல் நாலு படம் எடுத்து ஒட்டிக்கலாம்.

வைட் ஆங்கிள் அள்ளிப்போடுற கருவி இல்லை. கிட்டப் போறதுக்கான கருவி. நாற்று முடிச்சு முன்னால், அதுக்குப் பின்னால் வயல், அதுக்கும் பின்னால் வானம். இந்த மூணையும் ஒரே படத்தில் சேர்க்கத்தான் அது. கிட்டப் போகணும்னா சேத்தில் இறங்கணும், நடவு நடுறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு எடுக்கிறவங்களுக்கு இந்த லென்ஸே வேண்டாம்.

மனுஷங்களை எடுக்கும்போது இன்னொரு வம்பு. 16-க்குக் கீழே போனால் ஓரத்தில் நிக்கிறவங்க இழுபட்டுப் போவாங்க. நடவு வரிசையில் கடைசியில் நின்ன ஆயாவின் கை உலக்கை மாதிரி வந்ததைப் பார்த்திருக்கேன். படத்தைக் காட்டினப்ப அது சிரிக்கலை.

சரி, எஃப்/2.8 எதுக்கு? பகல் வெளிச்சத்தில் 20 மி.மீ.-ல் எஃப்/8 வெச்சு ஒண்ணே முக்கால் மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் பண்ணினால், ஒரு மீட்டருக்குள்ளிருந்து அடிவானம் வரைக்கும் தெளிவா வரும். அதுக்கு எஃப்/4 லென்ஸே தாராளம். ராத்திரி நட்சத்திரம் எடுக்கணுமா? அதுக்கு 2.8-ஐவிட எஃப்/1.8 பிரைம் நல்லது, ரெண்டு மடங்குக்கும் மேலே வெளிச்சம் தரும். ஒன்றரை லட்சத்துக்கு மேலே போகிற எஃப்/2.8 ஜூம் இந்த ரெண்டு வேலைக்கும் நடுவில் தொங்குது. அந்தக் காசில் ரெண்டு நல்ல கறவை மாடு பிடிக்கலாம்.

எடையையும் பாருங்க. உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்ததால் லென்ஸ் சென்சாருக்கு நெருங்கி வந்திருக்கு. பழைய நிக்கான் எஸ்.எல்.ஆர்.-ல் அந்தத் தூரம் 46.5 மி.மீ., இப்போ நிக்கான் இசட்டில் 16. அதனால் அகல லென்ஸைச் சின்னதாவே செய்ய முடியுது. சோனி 20 எஃப்/1.8 வெறும் 373 கிராம். நிக்கான் 14-30 எஃப்/4, 485 கிராம். இதை விட்டுட்டு 840 கிராம் இருக்கிற கேனான் 15-35 எஃப்/2.8-ஐத் தோளில் மாட்டி வரப்பில் ஏன் தடுமாறணும்?

முன்கண்ணாடி புடைச்சுக்கிட்டு இருக்கிற லென்ஸில் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. மழை நின்ன வயலில் இலைப் பளபளப்பை அடக்கப் போலரைசர் வேணும். அதுவும் ரொம்ப அகலமான லென்ஸில் வானத்தை ஒரு பக்கம் கருநீலமாத் திட்டுத் திட்டா ஆக்கிடும்.

என் தீர்ப்பு இதுதான். நடக்கத் தெம்பு இருந்தால் 20 எஃப்/1.8. அறுப்பு நேரத்துத் தூசியில் லென்ஸ் மாத்த வேண்டாம் என்று நினைத்தால் 16-35 எஃப்/4 மாதிரி ஒரு ஜூம். 16-க்கு நியாயமான வேலை ஒண்ணு இருக்கு. ஓட்டு வீட்டுத் தாழ்வாரம், மாட்டுக் கொட்டகை மாதிரி பின்னால் நகர முடியாத இடம். 14-ம் 12-ம் கட்டடம் எடுக்கிறவங்களுக்கு வேண்டியிருக்கலாம். வயலுக்கு வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னால் ஒரு சோதனை. கையில் இருக்கிற 24-70-ஐ 24-ல் வெச்சு ஒரு நாள் முழுக்க எடுங்க. படம் பத்தலைன்னு கால் பின்னால் போகுதா, முன்னால் போகுதா என்று கவனிங்க. பின்னால் போனால் உங்களுக்கு வைட் ஆங்கிள் வேண்டாம். முன்னால் போய்ப் போய் இன்னும் இடம் கேட்டால் வாங்குங்க.

மாப்ள, இந்தப் பொங்கலுக்கு இருக்கிற லென்ஸோடவே வா. முதல்ல கரை மேலே கூட்டிட்டுப் போறேன். ஏரியில எவ்வளவு தண்ணி இருக்கோ, அவ்வளவு தண்ணி தெரியுற மாதிரி ஒரு படம் எடு. மனுவோட வைக்க இன்னொரு படம் தேவைப்படுது.