பூமி பற்றிய ஆய்வு யாருக்குச் சொந்தம்?

"தாக்கல் செய்யப்பட்டது" என்ற சொற்களுக்கு நாடாளுமன்றத்தில் தனி மதிப்பு உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அவையில் தாக்கலாகும் வரை ரகசியம். தாக்கலான மறுகணமே அது பொதுச் சொத்து. அமைச்சரைக் கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினரும், செய்தி எழுதும் நிருபரும், தேநீர்க் கடையில் விவாதிக்கும் குடிமகனும் அதே பக்கத்தைப் புரட்டலாம். அரசின் வரவு செலவுக் கணக்குக்கு இப்படியொரு நியதி இருக்கிறது. நம் காலடி மண்ணைப் பற்றி அரசுப் பணத்தில் நடத்தப்படும் ஆய்வுகளுக்கு அந்த நியதி இல்லை.

இதன் பொருள் என்ன என்பதை உத்தரகண்ட் மாநிலத்தின் ஜோஷிமட் நகரம் 2023 ஜனவரியில் உணர்ந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டு, மக்கள் கடும் குளிரில் வீடுகளை விட்டு வெளியேறிக் கொண்டிருந்த நேரம். 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் நகரின் ஒரு பகுதி 5.4 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்துவிட்டதாக, இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களின் உதவியுடன் கணித்து வெளியிட்டது. ஓரிரு நாள்களில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஆய்வு நிறுவனங்கள் ஊடகங்களிடம் பேசவோ, சமூக ஊடகங்களில் தகவல்களைப் பகிரவோ கூடாது என தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் கடிதம் அனுப்பியது. குழப்பத்தைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று காரணமும் கூறப்பட்டது.

அதன் பிறகு நிலவியல், நிலத்தடி நீர், கட்டடப் பொறியியல் எனப் பல துறைகளைச் சேர்ந்த எட்டு நிறுவனங்கள் ஜோஷிமட்டை ஆராய்ந்தன. அவற்றின் அறிக்கைகளும் மாதக்கணக்கில் வெளிவரவில்லை. இவற்றை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று 2023 செப்டம்பரில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கேட்ட பின்னரே அவை பொதுவெளிக்கு வந்தன. வீட்டை இழந்தவர், தன் வீடு ஏன் விரிசல் விட்டது என்பதை அறிந்துகொள்ள நீதிமன்றத்தின் தலையீடு தேவைப்பட்டது.

இத்தனைக்கும் எச்சரிக்கை புதிதல்ல. பழைய நிலச்சரிவின் மண்ணும் கல்லும் குவிந்த மேட்டின் மீதே ஜோஷிமட் அமைந்திருக்கிறது என்றும், அங்கு கனரகக் கட்டுமானங்கள் கூடாது என்றும் 1976-ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு கூறிவிட்டது. 47 ஆண்டுகள் அது கோப்பில் உறங்கியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை

இது ஒரு மாநிலத்தின் தனிக் குறையன்று. தமிழகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் பரவியுள்ள மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து, மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் அறிக்கை அளித்தது. அமைச்சகம் அதை வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு குடிமகன் கேட்டபோதும் மறுத்தது. மத்திய தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் வெளியிட உத்தரவிட்டதும், அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கும் தோற்ற பிறகே, 2012 மே மாதம் அறிக்கை வெளியானது.

அந்த அறிக்கையின் பரிந்துரைகளை ஏற்பதும் ஏற்காததும் அரசின் உரிமை. எதிர்ப்பதும் ஆதரிப்பதும் மக்களின் உரிமை. ஆனால், மலைவாழ் மக்கள் அதைத் தங்கள் மொழியில் படித்து, கிராம சபையில் விவாதிக்கும் வாய்ப்பைப் பெறுவதற்கு முன்பே வதந்திகள் அவர்களைச் சென்றடைந்துவிட்டன. மறைக்கப்படும் அறிக்கை பீதியைத் தடுப்பதில்லை. பீதிக்கு உரமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

விலை என்னும் பூட்டு

அரசு போடும் பூட்டு இது என்றால், சந்தை போடும் பூட்டு வேறு. அரசு நிதியில், அரசு ஊதியம் பெறும் விஞ்ஞானி ஆய்வு செய்கிறார். அதை வெளிநாட்டு ஆய்விதழுக்கு இலவசமாக அளிக்கிறார். மற்றொரு விஞ்ஞானி ஊதியமின்றி அதைச் சரிபார்த்துத் தருகிறார். பதிப்பகம் அதை அச்சிட்டு, அதே அரசின் பல்கலைக்கழகத்துக்குச் சந்தா விலையில் விற்கிறது. வரி செலுத்துபவர் ஒரே சரக்குக்கு இருமுறை விலை கொடுக்கிறார். அப்படியும் அவர் அதைப் படிக்க முடிவதில்லை.

இந்தச் சுமையை உணர்ந்தே 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ள சுமார் 1.8 கோடிப் பேர் படிக்கலாம். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கீடு. ஐ.ஐ.டி.க்குக் கிடைப்பது சிறு நகரத்து அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கிறது என்பது சிறிய சாதனையன்று, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், 2020 டிசம்பரில் வெளியான தேசிய அறிவியல் கொள்கை வரைவு சொன்னது வேறு. நாட்டு மக்கள் அனைவருக்கும் ஆய்விதழ்களைத் திறந்துவிடுவதே அதன் நோக்கமாக இருந்தது. இப்போது திறந்திருப்பது அரசு வளாகங்களின் வாயில் மட்டுமே. மலைச் சாலையை அமைக்கும் பொறியாளர், வெள்ள அபாயத்தை மதிப்பிட வேண்டிய வட்டாட்சியர், ஊராட்சித் தலைவர், தொண்டு நிறுவன ஊழியர், நிருபர் ஆகியோர் வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

ஏன் பூமி ஆய்வு தனி?

எல்லா அறிவியலுக்கும் இது பொருந்தும். புவி அறிவியலுக்குக் கூடுதலாகப் பொருந்தும். காரணம், பூமி துறைவாரியாகப் பிரிந்து இயங்குவதில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். ஏரி உடைந்ததா, பனிப்பாறை உடைந்ததா என்று முதலில் ஆளுக்கொன்று கூறினர். பனியியலார், நிலவியலார், நிலநடுக்கவியலார் என உலகெங்கிலும் இருந்து 53 ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் நிலநடுக்கப் பதிவுகளையும் ஒன்றுசேர்த்தனர். நான்கே மாதங்களில், மலைச்சரிவே மூலகாரணம் என்பது "சயின்ஸ்" இதழில் உறுதியாக வெளியானது. தரவுகள் கைமாறியதால்தான் இது சாத்தியமாயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தால், இன்றும் சர்ச்சை நீடித்திருக்கும்.

சிக்கிமில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். அங்குள்ள தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்தால் என்ன நேரும் என்று கணித்த ஆய்வு, சந்தா பெற்று விற்கப்படும் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் 2021-இல் வெளியானது. 2023 அக்டோபர் தொடக்கத்தில் அந்த ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. கட்டுரையை எல்லோரும் படித்திருந்தால் வெள்ளம் வந்திராது என்று யாரும் கூறமாட்டார்கள். ஆனால், ஆற்றங்கரையில் வீடு கட்டும் மனிதருக்குத் தன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டல்லவா?

தேசப் பாதுகாப்பு என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா படுகைகளின் நீர்வரத்துத் தரவுகளை அரசு ரகசியப் பட்டியலில் வைத்திருப்பதற்கு அண்டை நாடுகளுடனான நதிநீர்ப் பிரச்னைகள் காரணம். எல்லைப்புறத்தில் எச்சரிக்கை அவசியமே. எனினும், அண்டை நாட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சொந்த நாட்டவருக்கும் தெரியாமல் வைப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். மேலும், பூட்டின் பயனும் குறைந்து வருகிறது. அமெரிக்காவின் நாசாவுடன் இணைந்து இஸ்ரோ 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிஸார் செயற்கைக்கோள், நிலம் சில செ.மீ. நகர்ந்தாலும் கண்டறியக்கூடியது. அதன் தரவுகள் உலகில் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் என்பது இரு நாடுகளும் ஏற்ற கொள்கை. ஜோஷிமட் எவ்வளவு தாழ்ந்தது என்பதை இனி வெளிநாட்டு மாணவர் ஒருவர் தம் அறையிலிருந்தே கணித்துவிடுவார். ஜோஷிமட்காரருக்கு மட்டும் அது ரகசியமாக இருப்பதில் என்ன பொருள்?

செய்ய வேண்டியவை

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் ஒரு கொள்கையை வெளியிட்டன. தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வின் இறுதிப் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அது. அதைப் பரிந்துரை என்ற நிலையிலிருந்து நிபந்தனையாக உயர்த்தி, புவி அறிவியல் அமைச்சகம், சுரங்கத் துறை, நீர்வளத் துறை ஆகியவற்றின் நிதிக்கும் விரிவாக்கினால் போதும். பிரதியைச் சேர்க்காதவருக்கு அடுத்த தவணை நிதி இல்லை என்றால், களஞ்சியம் தானே நிரம்பும்.

ஆசிரியரிடமே பெருந்தொகை வசூலித்து வாசகருக்கு இலவசமாகத் தரும் ஆய்விதழ்கள் பெருகிவிட்டன. அது சந்தாச் சுமையை ஆய்வாளர் தலைக்கு மாற்றும் ஏற்பாடு. ஏழை நாட்டு ஆய்வாளருக்கு உகந்ததன்று. இதற்கு மாற்று நம்மிடமே உண்டு. சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, புவி அமைப்பு அறிவியலுக்கென ஆய்விதழ் நடத்துகிறது. அதன் கட்டுரைகளை அகாதெமியின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். ஆண்டுக்கு ரூ. 2,000 கோடியைச் சந்தாவுக்குச் செலவிடும் அரசு, அதில் சிறு பங்கை இத்தகைய உள்நாட்டு இதழ்களுக்கு அளிக்கலாம்.

மூன்றாவதாக, மக்கள் வசிக்கும் இடங்களின் ஆபத்து குறித்த அறிக்கைகளுக்குக் காலவரையறை வேண்டும். குறித்த நாள்களுக்குள் அவை நாடாளுமன்றத்திலோ சட்டப் பேரவையிலோ தாக்கலாக வேண்டும். சுருக்கம் அந்தப் பகுதி மக்களின் மொழியில் வர வேண்டும். பாதுகாப்புக் காரணத்தால் எதையேனும் நீக்கினால், நீக்கியதை எழுத்தில் கூற வேண்டும்.

சந்தா ஒப்பந்தம் 2027-உடன் முடிகிறது. பதிப்பகங்களுடன் மீண்டும் பேரம் பேச அரசு அமரும் முன், உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி எழுப்பலாம்: இந்திய மக்களின் பணத்தில் இந்திய மண்ணைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எத்தனை, இந்தியர் அனைவரும் படிக்கக் கிடைக்கின்றன? அதற்கு அமைச்சர் அளிக்கும் பதிலாவது அவையில் தாக்கலாகும், எல்லோரும் படிக்கலாம்.