சுடும் பெட்டியும் சுடு சொல்லும்

மடிக் கணினி விற்கிறவர்களையும் அதைப் பழுது பார்க்கிறவர்களையும் எதிர்த்துப் பேச ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். யோக்கியதை இருக்கிறது. களவு செய்தவன் ஓடிப்போக, பக்கத்தில் நின்ற அப்பாவி உதைபடுகிற காட்சியைக் கதைகளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதே காட்சி இப்போது கண்ணாடிக் கதவு போட்ட ஸர்வீஸ் நிலையங்களில் தினந்தோறும் நடக்கிறது. உதைபடுகிறவர் மாதத் தவணை கட்டிப் பெட்டி வாங்கின நடுத்தர வர்க்கத்துத் தகப்பனார்.

கேமிங் லாப்டாப் என்று ஒரு ஜாதி உண்டு. பெயரைக் கேட்டு, ஊர் சுற்றும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டடக் கலை படிக்கிறவனுக்கும், சினிமாவுக்குப் படம் தொகுக்கிறவனுக்கும் வேண்டிய சக்தி இந்த ஜாதிப் பெட்டியில்தான் கிடைக்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது பல பெட்டிகள் 150 வாட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கின்றன. குடித்த மின்சாரம் ஏறத்தாழ அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். பழைய காலத்துக் குண்டு பல்பில் 100 வாட் ஒன்றும் 60 வாட் ஒன்றும் சேர்த்து, இரண்டு விரல் கனமுள்ள பெட்டிக்குள் எரிய விட்டால் எப்படி இருக்கும்? அந்தச் சூட்டை வெளியே தள்ளச் சில செப்புக் குழாய்கள், சிப்புக்கும் செம்புக்கும் நடுவே தடவிய ஒரு பசை, சீப்புப் பல் மாதிரி நெருங்கிய தகடுகள், உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு விசிறிகள். இவ்வளவுதான் ஏற்பாடு. குழாய்க்குள் இருக்கும் கொஞ்சம் நீர் சூடான முனையில் ஆவியாகி, மறு முனையில் குளிர்ந்து திரும்புகிறது. அழகான யுக்தி, நான் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த விசிறி ஊதுகிற காற்று எங்கிருந்து வருகிறது? நம்முடைய அறையிலிருந்து! அறையில் 10 டிகிரி கூடினால் பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய அதே அளவு கூடும். பெட்டியோடு வரும் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரையில் இருக்கலாம் என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கின்றன. வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டுவது ஊரறிந்த சங்கதி. அந்த ஊர்களில் கடை விரித்து, பெட்டியை விற்று, பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொள்கிற மகானுபாவர்களில் எவராவது இந்த 35-ஐ வாய் திறந்து சொன்னதுண்டா?

எங்கள் தெருவில் மொட்டை மாடியை ஒட்டிய அறையில் படிக்கிற பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவனுடைய லாப்டாப் கொதித்தது. நடுநடுவே உறைந்தும் போயிற்று. படம் அப்படியே நிற்கும். பாட்டு ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். வாரண்டிக் காலத்துக்குள்ளேயே ஸர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனான். அங்கே இருந்த ஆசாமி கேட்ட முதல் கேள்வி, "வீட்டிலே ஏ.ஸி. இல்லையா, ஸார்?" இரண்டாவது கேள்வி, "ராத்திரி பூரா கேம் ஆடுவீங்களோ?" பக்கத்தில் நின்ற தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டாராம். விளையாடுவதற்கென்றே விளம்பரம் செய்து விற்ற பெட்டியில் விளையாடினாயா என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்? குடை வாங்கினவனைப் பார்த்து, மழையில் ஏன் போனாய் என்று கேட்கிற கதைதான்.

பிறகு என்ன செய்தார்கள்? 'ஃபார்மட்' செய்தார்கள். தலைவலி என்றாலும் வயிற்றுவலி என்றாலும் விளக்கெண்ணெய் கொடுத்த அந்தக் காலத்து வைத்தியரைப் போல இவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து அது. பிள்ளை வரைந்து வைத்திருந்த படங்கள் போயின. அதோடு, எந்த நேரத்தில் என்ன கோளாறு நிகழ்ந்தது என்று கணினி தானே எழுதி வைத்திருந்த நாட்குறிப்பும் போயிற்று. கொலை நடந்த வீட்டுக்குப் போலீஸார் வந்து, முதல் காரியமாகத் தரையைக் கழுவிவிட்டால் எப்படி? பெட்டி திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடியும் உறைந்தது. வாரண்டி முடிந்து நாலு மாதம் கழித்துப் போனபோது, மதர்போர்டு போய்விட்டது, அரை லட்சம் ஆகும், புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்று உபதேசம் கிடைத்தது.

அந்தத் தகப்பனார் என்னிடம் வந்து சொன்னதனால்தான் இந்த விவகாரத்தில் நான் தலையிட்டேன். எனக்குத் தெரிந்தது துப்பறியும் கதை ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது. சூடும் உறைதலும் ஒரே ஆளின் வேலை என்று முன்கூட்டியே தீர்மானிப்பது தவறு. சிப் ஏறத்தாழ 95, 100 டிகிரியை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் பெட்டி பட்டென்று அணைந்துவிடும். மெதுவாக ஓடுவது வேறு, அணைவது வேறு, உறைந்து நிற்பது வேறு. ஆகவே, வெப்பத்தைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை ஓட விட்டு, ஒவ்வொரு தடவை உறையும்போதும் மணியும் டிகிரியும் காகிதத்தில் குறிக்கச் சொன்னேன். பதினோரு நாளில் நான்கு தடவை: 96, 91, 67, 58. கடைசித் தடவை விடியற்காலையில், வெறும் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது. அந்த நேரத்தில் சூடு ஊரிலேயே இல்லை!

விண்டோஸிலேயே இருக்கிற நினைவகப் பரிசோதனையை ஓட்டியதில் பிழை தெரிந்தது. இரண்டு நினைவகத் தகடுகளில் ஒன்றைக் கழற்றி ஒரு வாரம், மற்றதைக் கழற்றி ஒரு வாரம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்திற்று என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒரு தகடுதான் கெட்டிருந்தது. சூட்டுக்குக் காரணம் தனி. ரிச்சித் தெருவில் ஒரு சிறு கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளித் துண்டு போலப் படிந்து கிடந்தது. பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்று அடித்தார். காய்ந்த பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். அதே அறையில், அதே விளையாட்டில், 96 டிகிரி 84 ஆயிற்று. மதர்போர்டுக்கு ஒரு குறைவும் இல்லை.

பழியை வாங்கினவன் தலையில் போடும் வழக்கம் சின்னக் கடைகளோடு நிற்கவில்லை. 2008 ஜூலையில் அமெரிக்காவின் என்விடியா கம்பெனி, மடிக் கணினிகளுக்கென்று தான் செய்த சில சிப்புகள் அளவுக்கு மீறிக் கெடுகின்றன என்று ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்கிற்று. சிப்பைப் பொதிந்த பொருள் பலவீனமானது என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டி செய்தவர்களின் குளிர்விப்பு அமைப்பும், உபயோகிக்கிறவர்களின் பழக்கமும்கூடக் காரணம் என்று சேர்த்துக்கொண்டது. டெல் முதலிய கம்பெனிகள் விசிறி இன்னும் அதிக நேரம் சுற்றும்படி ஒரு திருத்தம் வெளியிட்டன. பலவீனமான பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது!

இனி அந்த ஸ்டிக்கர். திருகாணியின் மேல் ஒட்டி, இதைக் கிழித்தால் வாரண்டி போச்சு என்று மிரட்டுகிற துண்டுக் காகிதம். எல்லாக் கம்பெனிகளும் ஒட்டுவதில்லை; திறந்து துடைத்துக்கொள் என்று அனுமதிக்கிற கம்பெனிகளும் உண்டு. ஒட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் 2018-ல் அரசாங்க வர்த்தக ஆணையம் இம்மாதிரி மிரட்டலுக்காக ஆறு கம்பெனிகளை எச்சரித்தது. நம் நாட்டில் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி யோசிக்க ஒரு குழு அமைத்தது. தெரியாதவன் திறந்தால் கெடுத்துவிடுவான் என்று கம்பெனிக்காரர்கள் வாதிக்கிறார்கள். வாஸ்தவம், கெடுக்கலாம். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவளும் ஊசியை ஒடிக்கலாம். அதற்காக மிஷினுக்குப் பூட்டுப் போட்டா விற்றார்கள்? பூட்டுப் போடுவதானால், உள்ளே சேருகிற தூசுக்கும் அவர்களே ஜவாப்தாரி ஆக வேண்டும். சாவி எங்களிடம், தூசு உன்னுடையது என்பது எந்த ஊர் வழக்கு?

கோளாறு வாரண்டிக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்கப்பட்டது. ஸர்வீஸ் நிலையம் கொடுத்த ரசீதே அதற்குச் சாட்சி. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே நாம் வாதாடலாம். ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தகப்பனார் சற்றுத் தயங்கினார். மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். அந்த நான்கு எண்களையும் தேதி, மணியோடு முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். "வீட்டிலே ஏ.ஸி. இல்லையா?" என்ற கேள்வியையும் ஓர் எழுத்து மாறாமல் சேர்த்திருக்கிறேன்.