விசா கேட்காத தீவு!

ஐரோப்பா போக விசா வாங்க அலைந்தவர்களுக்கு இந்தச் செய்தி தேனாக இனிக்கும். எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் விசா இல்லாமல் போய் இறங்கக்கூடிய ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்வால்பார்ட். வடதுருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் தூரத்தில், நார்வேயின் ஆளுகையில் இருக்கும் பனித் தீவுக்கூட்டம் அது.

1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழியே வந்த சலுகை இது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவும் அதில் ஓர் உறுப்பினர். 2008-ல் இந்தியா தனது 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்ததும் இங்கேதான்.

அப்படியானால் டிக்கெட் போட்டுவிடலாமா? பொறுங்கள்!

தீவுக்கு விசா வேண்டாம். ஆனால், அங்கே போகும் விமானம் ஓஸ்லோவிலிருந்தோ ட்ரோம்சோவிலிருந்தோ கிளம்புகிறது. அந்த ஊர்களில் கால் வைக்க ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்டோ ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓஸ்லோவில் விமானம் ஏறினாலே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா என்றால், போகலாம்; திரும்பி வரும்போது சிக்கல். விண்ணப்பிக்கும்போதே இரண்டு முறையோ பல முறையோ நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது, எப்போது போவது? 'பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. அப்போதே போய் வானத்தில் ஆடும் அந்தப் பச்சை ஒளியைப் பார்த்துவிடலாம்' என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருட்டாத வானத்தில் துருவ ஒளி தெரியாது. அதற்கு நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போக வேண்டும். ஆனால், அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எட்டியே பார்க்காது. பனியும் வெளிச்சமும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல். ஜூலையில் ஆறேழு டிகிரி வெயில் அடிக்கும். படகுப் பயணத்துக்கு ஏற்ற காலம்.

விமானம் இறங்கும் லாங்இயர்பியன், சுமார் 2,500 பேர் வாழும் சின்ன ஊர். அங்கிருந்து வேறு ஊருக்குச் சாலையே கிடையாது. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியின் ராஜ்ஜியம். கரடியை விரட்டும் கருவி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். துப்பாக்கியும் வேண்டும் என்கிறது ஆளுநர் அலுவலகம். எனவே, ஆயுதம் ஏந்திய வழிகாட்டியோடு போவதே குடும்பத்துக்கு நல்லது. கரடியோடு செல்ஃபி ஆசையும் வேண்டாம். 2025 முதல் 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே இருப்பது சிறிய மருத்துவமனைதான். பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் ட்ரோம்சோவுக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளூர்க் கர்ப்பிணிகளே பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே நார்வேக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே, மருத்துவமும் மீட்புச் செலவும் சேர்ந்த காப்பீடு, தினசரி மாத்திரைகள் கூடுதலாகச் சில நாள்களுக்கு, மோசமான வானிலையால் விமானம் ரத்தானால் சமாளிக்க ஓரிரு நாள் இடைவெளி... இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பவே கூடாது.

காய்கறி முதல் பால் வரை எல்லாமே வெளியிலிருந்து வருவதால் சாப்பாட்டுச் செலவும் எகிறும். சமையலறையோடு கூடிய அறை எடுத்து, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் பர்ஸும் வயிறும் தப்பிக்கும்.

இவ்வளவையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பல ஓட்டல்களிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் கரியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கத் தொடங்கிய வழக்கம், இன்றும் தொடர்கிறது. உலகத்தின் வடகோடியில், நம் வீட்டு வாசலில் நிற்பதுபோல ஒரு நிமிடம் தோன்றும்.

மற்ற ஊர்களுக்கு, எப்படிப் போவது என்று திட்டமிட்டால் போதும். ஸ்வால்பார்டுக்கு, எப்படித் திரும்பி வருவது என்பதைத்தான் முதலில் திட்டமிட வேண்டும்.