கூலியைக் கூறு போடாதீர்!

கூலிச் செலவை எந்தத் தலைப்பில் எழுதினால் என்ன, அது குமாஸ்தாக்களின் வேலைதானே என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே, கூலி எந்த நாளில் உழைத்தவர் கைக்கு வரும் என்பதும் தீர்மானமாகிறது. கொல்லிமலையிலிருந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

2005ம் வருட ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை செய்த 15 நாட்களுக்குள் கூலி தரவேண்டும் என்றது. எல்லோர் பெயரும் மஸ்டர் ரோலில் ஏறும். ஒரே உத்தரவில் பணம் போகும். 2021 மார்ச்சில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் இதை மாற்றிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மற்றவர் என மூன்று தலைப்புகள். மூன்று தனித்தனி உத்தரவுகள்!

விளைவு என்ன? 10 மாநிலங்களில் 18 லட்சம் பட்டுவாடாக்களை லிப்டெக் இந்தியா ஆய்வாளர்கள் பரிசீலித்தார்கள். மத்திய சர்க்காருக்குரிய 7 நாள் கெடுவில் போய்ச் சேர்ந்தவை, தாழ்த்தப்பட்டோருக்கு 46 சதவீதம், பழங்குடியினருக்கு 37, மற்றவருக்கு 26. ஒரே வெயிலில் ஒரே மண்ணைச் சுமந்தவர்களுக்கு வெவ்வேறு தேதியில் கூலி! பணம் வராதவர் யாரைச் சந்தேகிப்பார்? தில்லியையா? பக்கத்தில் நிற்பவரைத்தான்.

கொல்லிமலையில் நிலைமை வேறு. வளப்பூர் நாடானாலும் வாழவந்தி நாடானாலும் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். அந்த ஒரு தலைப்பில் பணம் நின்றால் ஊர் முழுவதற்கும் கூலி நிற்கும். அடுத்த வீட்டில் கைமாற்று கேட்கவும் வழியில்லை. அங்கும் அதே கதைதான். மிஞ்சுவது மிளகு, காப்பி வியாபாரியிடம் முன்பணம். கொடியில் இருக்கும் மிளகுக்கு அவர் சொன்னதே விலை!

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டே என்பார்கள். நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 2021ல் தமிழ்நாட்டுக் கூலி 273 ரூபாய். ஆறு நாள் கூலி 1,638 ரூபாய் நின்றால், ஒரு நாளைக்கு 82 காசு. ஒரு டீக்குக் காணுமா?

பழங்குடியினருக்கு எவ்வளவு போயிற்று என்று பதிவதை நாம் எதிர்க்கவில்லை. அவர்களுக்குரிய பணம் வேறெங்கும் போகாதிருக்க அந்தப் பதிவு அவசியம். பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளட்டும். மாத முடிவில் கூட்டிக்கொள்ளட்டும். ஆனால் கணக்கு வேறு, பட்டுவாடா வேறு. எதிர்ப்புக் கிளம்பவே, அந்த வருடம் முடியுமுன் ஒரே உத்தரவு முறைக்குத் திரும்பினார்கள்.

அந்தப் பாடம் இன்று மறக்கப்படுகிறது. பழைய சட்டம் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய சர்க்காரின் பொறுப்பாக்கியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்குகிறது. கூடவே, தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவை மத்திய, மாநில சர்க்கார்களுக்கு 60க்கு 40 என்று பங்கு போடுகிறது. தில்லி நிர்ணயிக்கும் ஒதுக்கீட்டுக்கு மேற்பட்ட செலவு மாநிலத்தின் தலையில்! அன்று கூலியாட்களைப் பிரித்தார்கள். இன்று கூலியையே பிரிக்கிறார்கள். ஒரு கஜானா மற்றொன்றைக் கைகாட்டினால், மண் சுமந்த பெண் யாரிடம் போய்க் கேட்பார்?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்கவேண்டும். பங்கு எதுவானாலும், முழுக் கூலியும் ஒரே உத்தரவில், 15 நாட்களுக்குள் வரவேண்டும். தாமத நஷ்டஈடு, வயிற்றுப்பாட்டுக்குப் பொருந்துமாறு உயரவேண்டும். மஸ்டர் ரோலும் பட்டுவாடா விவரமும் ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் முன் வாசிக்கப்படவேண்டும்.

சர்க்கார்கள் தங்களுக்குள் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். முதலில் கூலி! இந்தக் கோரிக்கையை ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானமாக்குவோம். மலையும் சமவெளியும் ஒன்றுபட்டு எழுப்புவோம்!